நான்கு வேளை, பதினான்கு நாள்: இரைப்பை நுண்ணுயிரித் தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையும் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடமும்

ஆய்வுச் சுருக்கம்

இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண் ஆகியவற்றுக்கு முதன்மைக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரியை ஒற்றை மருந்தால் நீக்க இயலாது. இரண்டு அல்லது மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளை அமிலச் சுரப்புத் தடுப்பியுடன் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சையே இதற்கு வழியாக உள்ளது. இந்தியாவில் பரவியுள்ள மருந்தெதிர்ப்பு, எளிய மும்மருந்து முறையிலிருந்து கடினமான நான்மருந்து முறையை நோக்கி மருத்துவத்தைத் தள்ளியுள்ளது. நாளொன்றுக்கு நான்கு வேளை என 14 நாள்கள் உட்கொள்ள வேண்டிய இம்முறை, இரவும் பகலும் மாறிமாறி உழைக்கும் தொழிலாளரிடம் எவ்வாறு தடைப்படுகிறது என்பதைத் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மருந்துக் குறிப்பின் மொழியும் சிகிச்சையின் ஒரு கூறே என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஹெலிகோபாக்டர் பைலோரி, கூட்டு மருந்துச் சிகிச்சை, மருந்தெதிர்ப்பு, முறைப்பணி, வேளை, மருத்துவத் தமிழ்.

முன்னுரை

தமிழகத்தின் பேச்சு வழக்கில் 'அல்சர்' என்னும் சொல் தனக்கெனத் தனிப்பொருளைப் பெற்றுள்ளது. ஆங்கில மருத்துவத்தில் அது புண்ணை மட்டுமே குறிக்கும். தமிழரின் வாய்மொழியிலோ நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், புளித்த ஏப்பம், பசி தாங்காமை ஆகிய யாவும் அல்சர் எனப்படுகின்றன. அதற்கான காரணமும் அவ்வழக்கிலேயே அடங்கியுள்ளது: வேளைக்கு உண்ணாமை. காரமான உணவும் மனக்கவலையும் துணைக்காரணங்களாகக் கூறப்படுகின்றன. சித்த மருத்துவம் இத்தகைய வயிற்று நோய்களைக் 'குன்மம்' எனக் குறித்து எட்டு வகைப்படுத்தியது. நவீன மருத்துவமும் 1980கள் வரை அமில மிகுதியையும் மன அழுத்தத்தையும் உணவுப் பழக்கத்தையுமே காரணங்களாகக் கருதியது. மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் தென்னிந்தியப் பகுதிகளில் முன்சிறுகுடல் புண் மிகுந்திருப்பதையும் கோதுமை உண்ணும் வட பகுதிகளில் அது குறைந்திருப்பதையும் சுட்டி, உணவுக்கும் புண்ணுக்குமான தொடர்பை விரிவாக ஆராய்ந்தார்.

இக்கருத்தைப் பெரிதும் மாற்றியது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகிய இருவரும் 1982இல் இரைப்பைத் திசுவிலிருந்து சுருள் வடிவ நுண்ணுயிரியை வளர்த்தெடுத்த நிகழ்வாகும். 1984இல் மார்ஷல் அந்நுண்ணுயிரிக் கரைசலைத் தாமே அருந்தி, தமக்கு இரைப்பை அழற்சி உண்டானதை நிறுவினார். 1994இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்நுண்ணுயிரியை முதல்நிலைப் புற்றுநோய்க் காரணிகளுள் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வேளை தவறிய உணவு அழிக்க முடியாத ஒன்றை மருந்து அழிக்கும் என்பது இதனால் உறுதியாயிற்று. எனினும் அம்மருந்தை வேளை தவறாமல் உண்ண வேண்டும் என்பதில் பழைய சிக்கல் புதிய வடிவில் திரும்பி வந்தது.

நுண்ணுயிரியின் வாழிடமும் மருந்தின் இடர்ப்பாடும்

இரைப்பையின் கடும் அமிலத்தில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் உயிர் பிழைப்பதில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதைக்கிறது. காரத்தன்மை கொண்ட அம்மோனியா அதனைச் சூழ்ந்து காக்கிறது. பின்னர்த் தன் கசையிழைகளால் நீந்திச் சென்று சளிப்படலத்தின் அடியில் தங்குகிறது. இந்த நொதியின் செயலே மூச்சுச் சோதனைக்கும் அடிப்படையாகும். கார்பன்-13 கொண்ட யூரியாவை நோயாளி அருந்திய பின் வெளிவிடும் மூச்சில் அக்கார்பன் மிகுந்து காணப்பட்டால் தொற்று உள்ளது எனக் கொள்ளப்படும்.

இவ்வாழிடத்தில் மருந்து மூன்று தடைகளைச் சந்திக்கிறது. முதலாவது, அமிலம் சில மருந்துகளைச் சிதைக்கிறது. இரண்டாவது, சளிப்படலத்தைக் கடந்து போதிய அளவு மருந்து செல்வது அரிதாகிறது. மூன்றாவது, அமிலச் சூழலில் நுண்ணுயிரி பெருகாமல் அடங்கிக் கிடப்பதால், பெருகும் உயிரணுவை மட்டுமே தாக்கவல்ல அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் பயனற்றுப்போகின்றன. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் முதலிய அமிலச் சுரப்புத் தடுப்பிகள் இக்கூட்டில் இடம்பெறுவதற்குக் காரணம் இதுவே. அவை எரிச்சலைத் தணிப்பதோடு நில்லாமல், நுண்ணுயிரியைப் பெருகும் நிலைக்குக் கொண்டுவந்து பிற மருந்துகளுக்கு இலக்காக்குகின்றன.

மருந்துகளைக் கூட்டுவதன் கணக்கு

ஒரு மருந்தை எதிர்க்கும் திடீர்மாற்றம் ஒரு கோடி உயிரணுக்களில் ஒன்றில் நேர்வதாகக் கொள்ளலாம். மற்றொரு மருந்துக்கும் அதே அளவு எனக் கொண்டால், இரண்டையும் ஒருங்கே எதிர்க்கும் உயிரணு, ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கி வரும் எண்ணிக்கைக்கு ஒன்றாகவே அமையும். ஒரு மருந்துக்குத் தப்பிய உயிரணுவை மற்றொரு மருந்து கொல்லும் என்பதே கூட்டுச் சிகிச்சையின் தத்துவம்.

இத்தத்துவத்துக்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், ஐசோனியசிடையும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தையும் சேர்த்து ஓராண்டு வீட்டிலேயே உட்கொண்ட நோயாளிகள், நோயில்லத்தில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ இணையாக நலம் பெற்றதை 1959இல் வெளியிட்டது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் அம்மையத்தின் பணியாளர்கள், முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். கூட்டு மருந்தின் வெற்றி, மருந்தின் ஆற்றலோடு அது உண்மையில் உட்கொள்ளப்பட்டதா என்பதையும் பொறுத்தது என்னும் பாடம் தமிழக மண்ணிலேயே கற்கப்பட்டதாகும்.

மேற்கூறிய கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. கூட்டிலுள்ள ஒரு மருந்துக்கு நுண்ணுயிரி முன்னரே எதிர்ப்புப் பெற்றிருந்தால் பெருக்கல் பொய்யாகிவிடும். இரு நுண்ணுயிர்க்கொல்லிகள் கொண்ட மருந்துத் தாளில் ஒன்று மட்டுமே வேலை செய்யும். அந்த ஒன்றுக்கும் எதிர்ப்புத் தோன்ற வாய்ப்பு உண்டாகும்.

மும்மருந்து முறையிலிருந்து நான்மருந்து முறைக்கு

சிட்னியில் தாமஸ் போரடி முதலியோர் 1980களின் பிற்பகுதியில் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தந்து வெற்றி கண்டனர். 1990களின் நடுவில் அமிலச் சுரப்புத் தடுப்பி, அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் என்னும் மும்மருந்து முறை வழக்கிற்கு வந்தது. நாளுக்கு இரு வேளை மட்டுமே என்னும் எளிமை அதனை உலகெங்கும் பரப்பியது. ஒரு வேளைக்குரிய மாத்திரைகள் யாவும் ஒரே அட்டையில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன.

இந்த எளிமை நிலைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் முதலியோர் இந்தியாவின் பல மையங்களிலிருந்து பெற்ற 259 நுண்ணுயிரி மாதிரிகளைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, மெட்ரோனிடசோலுக்கு 77.9 விழுக்காடும், கிளாரித்ரோமைசினுக்கு 44.7 விழுக்காடும், அமாக்சிசிலினுக்கு 32.8 விழுக்காடும் எதிர்ப்பு இருந்ததைக் காட்டியது. இவ்வளவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன என்பதும் அவ்வாய்வின் முடிவாகும்.

இவ்வெதிர்ப்பின் தோற்றுவாய் பெரும்பாலும் வயிற்றுப்புண் சிகிச்சைக்கு வெளியே உள்ளது. வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் மெட்ரோனிடசோல் நெடுங்காலமாகத் தாராளமாக வழங்கப்பட்டு வருகிறது. இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வாங்கப்படும் அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசினோடு ஒரே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. தொண்டைக்கென உண்ணப்பட்ட மாத்திரை இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிக்கும் பயிற்சி அளித்துவிடுகிறது. சில நுண்ணுயிர்க்கொல்லிகளின் கட்டுப்பாடற்ற விற்பனையைத் தடுக்க இந்திய அரசு 2013இல் அறிவித்த 'எச்1' அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் முன்னரே உருவான எதிர்ப்பைச் சட்டம் திரும்பப் பெற இயலாது.

கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு 15 விழுக்காட்டைக் கடந்த இடங்களில், எதிர்ப்பின்மை சோதனையால் உறுதியானாலன்றி, அம்மருந்து கொண்ட மும்மருந்து முறையைத் தவிர்க்க வேண்டும் என 2022இல் வெளியான ஆறாம் மாஸ்ட்ரிக்ட் ஒருமித்த கருத்தறிக்கை கூறுகிறது. அத்தகைய இடங்களுக்கு அது முன்வைப்பது பிஸ்மத் நான்மருந்து முறையாகும். அமிலச் சுரப்புத் தடுப்பி, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகியன இதில் அடங்கும். பிஸ்மத்துக்கு எதிர்ப்புத் தோன்றுவதில்லை. டெட்ராசைக்ளினுக்கு எதிர்ப்பு குறைவு. மெட்ரோனிடசோலுக்கான எதிர்ப்பைக் கூடுதல் அளவும், பிஸ்மத்தின் துணையும், நீண்ட கால அளவும் ஓரளவு ஈடுசெய்கின்றன. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இம்முறையை 14 நாள்களுக்கு முதல்நிலைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறது.

இம்முறையின் சுமை பெரிது. அமிலச் சுரப்புத் தடுப்பி இரண்டும், பிஸ்மத் நான்கும், டெட்ராசைக்ளின் நான்கும், மெட்ரோனிடசோல் மூன்றுமாக நாளொன்றுக்கு 13 மாத்திரைகள் எனக் கணக்கிட்டால், 14 நாள்களில் 182 மாத்திரைகள் ஆகும். மும்மருந்து முறையில் 28 வேளைகளாக இருந்தது இங்கு 56 வேளைகளாக உயர்கிறது. எதிர்ப்பை வெல்லும் பொறுப்பின் ஒரு பகுதி மருந்திலிருந்து நோயாளியின் கைக்கடிகாரத்துக்கு மாற்றப்பட்டுள்ளது எனலாம்.

தொழில் வழித்தடம்: தொற்றின் ஊற்று அன்று, சிகிச்சையின் சோதனைக்களம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியதும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை இயங்கத் தொடங்கியதும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் இப்பகுதியை நாட்டின் முதன்மையான உற்பத்தி மையங்களுள் ஒன்றாக்கின. மின்னணுப் பொருள் ஆலைகளில் இளம்பெண்கள் பெருந்தொகையினராகப் பணியாற்றுகின்றனர். தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியுள்ளனர்.

இத்தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினுள்ளேயே பரவுகிறது. இந்தியாவில் வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. அவர்களுள் பெரும்பாலானோருக்கு அறிகுறி ஏதும் தோன்றுவதில்லை. ஆகவே தொழிலாளர் ஆலைக்கு வரும்போதே அதனை உடன்கொண்டு வருகின்றனர் எனக் கொள்வதே பொருந்தும். விடுதி உணவே அல்சருக்குக் காரணம் என்னும் வழக்குமொழி இந்நோயைப் பொறுத்தவரை முழு உண்மையாகாது. ஆனால் அந்நோய்க்குச் சிகிச்சை பெறும் 14 நாள்களும் இவ்விடத்திலேயே கழிகின்றன. இங்குள்ள நாள்முறை அச்சிகிச்சையைச் சோதிக்கிறது.

'வேளை' என்னும் அளவு

தமிழில் 'வேளை' என்பது பொழுதைக் குறிக்கும். உணவு நேரத்தையும் குறிக்கும். மருந்தின் ஒரு தவணையையும் குறிக்கும். 'மூன்று வேளைச் சோறு', 'மூன்று வேளை மாத்திரை' ஆகிய இரு தொடர்களிலும் ஒரே சொல் நின்று, உணவையும் மருந்தையும் ஞாயிற்றின் போக்கோடு பிணைக்கிறது. 'காலை, மதியம், இரவு, படுக்கும் முன்' என்னும் மருந்துக் குறிப்பு இப்பிணைப்பை நம்பியே எழுதப்படுகிறது. பகலில் உழைத்து இரவில் உறங்குவோர்க்கு அதில் குறையில்லை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பணிபுரியும் ஒருவருக்கு இதே குறிப்பைப் பொருத்திப் பார்க்கலாம். அவர் காலை 7 மணிக்கு அறைக்குத் திரும்பி, 7.30க்கு உண்டு, 8 மணிக்கு உறங்கி, பிற்பகல் 3 மணிக்கு எழுகிறார் எனக் கொள்வோம். 'காலை உணவுக்குப் பின்' என்னும் வேளை 7.30க்கும், 'படுக்கும் முன்' என்னும் வேளை 8 மணிக்கும் வந்து, இரண்டும் அரைமணி இடைவெளியில் மோதிக்கொள்கின்றன. 'மதியம்' உறக்கத்தில் கழிந்துவிடும். எஞ்சிய 'இரவு' வேளை, பணிக்குச் செல்லுமுன் 8 மணிக்கு வரும். அவர் குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும் நான்கு வேளை மருந்து, 12 மணிநேர இடைவெளியோடு, இரு வேளையாகச் சுருங்கிவிடுகிறது. வயிறு தாங்காமல் குமட்டல் ஏற்படவும், அதனால் மருந்தையே நிறுத்திவிடவும் இது வழிவகுக்கும்.

முறைப்பணி வாரந்தோறும் மாறும் ஆலையில் சிக்கல் மேலும் கூடுகிறது. தொடர்ச்சியான எந்த 14 நாள்களை எடுத்தாலும் அவற்றுள் ஒரு மாற்றமேனும், பெரும்பாலும் இரு மாற்றங்களும் அமையும். மாற்றமில்லாத வாரத்துக்குக் காத்திருந்து தொடங்குவதும் பயன் தராது. சிகிச்சையின் கால அளவு பணிச்சுழற்சியின் கால அளவைவிட நீண்டது.

இதற்குரிய தீர்வு குறிப்பின் மொழியிலேயே தொடங்குகிறது. ஞாயிற்றுக்கு மாற்றாக விழிப்பை அளவாகக் கொண்டால், 'எழுந்தபின் முதல் உணவு, இரண்டாம் உணவு, மூன்றாம் உணவு, உறங்கப்போகும் வேளை' என நான்கும் அமையும். மேற்கண்ட இரவுப் பணியாளருக்கு அவை பிற்பகல் 3.30, இரவு 8, உணவக இடைவேளையான நள்ளிரவு 1.30, காலை 7.30 எனப் பரவும். அமிலச் சுரப்புத் தடுப்பியை முதல் உணவுக்கும் இரண்டாம் உணவுக்கும் அரைமணி முன்னர் உட்கொள்ளலாம். மாற்றம் நிகழும் நாளில் மணி பிறழ்ந்தாலும் 24 மணிநேரத்துக்கு நான்கு என்னும் எண்ணிக்கை பிறழாமலும், தவறிய வேளையை அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிக்காமலும் காக்க வேண்டும். நேரங்களை இறுதி செய்வது மருத்துவரின் பொறுப்பாகும். ஆனால் நோயாளியின் பணிநேரத்தைக் கேட்டறியாமல் அதனைச் செய்ய இயலாது.

சொல்லப்பட வேண்டியவையும் சொல்லாமல் விடப்படுபவையும்

கூட்டு மருந்தை இடையில் நிறுத்துவதற்கான காரணங்கள் பலவும் முன்கூட்டியே சொல்லித் தீர்க்கக்கூடியவை. பிஸ்மத் மலத்தையும் நாக்கையும் கருமையாக்கும். அது தீங்கற்றது. இதனை அறியாதவர் இரத்தக் கசிவென அஞ்சி மருந்தை நிறுத்துவர். மறுபுறம், தார்போல் ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் கொண்ட கரிய மலமும், இரத்த வாந்தியும், மயக்கமும் உண்மையான கசிவின் அறிகுறிகள். இவ்விரு கருமைகளையும் வேறுபடுத்திச் சொல்லுதல் இன்றியமையாதது.

டெட்ராசைக்ளின் பாலோடும், இரும்புச்சத்து மாத்திரையோடும், அமில முறிப்பு மருந்துகளோடும் பிணைந்து பயனிழக்கும். சோகைக்காக இரும்புச்சத்து உட்கொள்ளும் பெண் தொழிலாளர்க்கு இது முதன்மையான செய்தி. கருவுற்றோர் டெட்ராசைக்ளினைத் தவிர்க்க வேண்டும். உறங்கப்போகும் வேளையில் அதனை நிறைந்த நீரோடு விழுங்கி, சற்று நேரம் கழித்தே படுக்க வேண்டும்; தவறினால் உணவுக்குழாயில் புண் தோன்றக்கூடும். மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் காலத்தில் மதுவைத் தவிர்க்க வேண்டும்.

மருந்து முடிந்தபின் எரிச்சல் நீங்குவது தொற்று நீங்கியதற்குச் சான்றாகாது. நுண்ணுயிர்க்கொல்லிகளை முடித்து நான்கு வாரமேனும் கழித்து, அமிலச் சுரப்புத் தடுப்பியை இரண்டு வாரம் நிறுத்தியபின், மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்ய வேண்டும். மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' எனக் கேட்டு வாங்கப்படுவதும் பெரும்பாலும் இந்தத் தடுப்பியே. அதனை உண்டவாறே சோதனைக்குச் சென்றால் தொற்று இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும். மருந்தின் பெயர் 'அல்சர் மாத்திரை', 'கேஸ் மாத்திரை' எனப் பொதுப்பெயராகச் சுருங்கும்போது, நோயாளி எதனை நிறுத்த வேண்டும் என்பதும் மறைந்துபோகிறது. மேலும் தமிழ் அறியாத தொழிலாளர்க்கு இவ்விளக்கம் அவர்தம் மொழியிலோ, படக்குறியாலோ தரப்படாவிட்டால் 182 மாத்திரைகளும் வெறும் பொட்டலமாகவே எஞ்சும்.

முதல் முயற்சி தவறுவதன் விலையும் சிறிதன்று. தோல்விக்குப்பின் எஞ்சும் மருந்துகளுள் லெவோஃப்ளாக்சசின், ரிஃபாபுட்டின் ஆகியன அடங்கும். முன்னது காசநோயின் மருந்தெதிர்ப்பு வகைக்கான சிகிச்சையில் இடம்பெறும் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னது ரிஃபாம்பிசினின் உறவுமருந்து. காசநோய்ச் சுமை மிகுந்த நாட்டில் இரைப்பைக்காக அவற்றைச் செலவிடுவது நுரையீரலின் இருப்பிலிருந்து கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

இக்கட்டுரையின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• கூட்டு மருந்தின் வெற்றி, நுண்ணுயிரி அவற்றுள் எதற்கும் முன்னரே எதிர்ப்புப் பெறாதிருத்தலைச் சார்ந்துள்ளது. இந்தியச் சூழலில் கிளாரித்ரோமைசின் மும்மருந்து முறை அந்த உறுதியைத் தருவதில்லை.

• பிஸ்மத் நான்மருந்து முறை எதிர்ப்பை வெல்லவல்லது எனினும், 14 நாள்களில் 56 வேளைகளை ஒழுங்காகக் கடக்கும்படி நோயாளியைக் கேட்கிறது.

• ஞாயிற்றின் போக்கில் அமைந்த 'காலை, மதியம், இரவு' என்னும் குறிப்பு, முறைப்பணித் தொழிலாளரிடம் மருந்தளவையே மாற்றிவிடுகிறது. விழிப்பை அளவாகக் கொண்ட குறிப்பு இதனைத் தவிர்க்கும்.

• மருத்துவத் தமிழின் பணி கலைச்சொல் ஆக்கத்தோடு முடிவதில்லை. மருந்துத் தாளில் எழுதப்படும் ஒற்றை வரியின் பொருள் யாருடைய நாளுக்குப் பொருந்துகிறது என ஆராய்வதும் அதன் கடமையாகும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தளிப்போர் என நான்கு கூறுகளாகப் பகுத்துள்ளது. ஊரையும் உறவையும் விட்டுவந்து விடுதியறையில் தங்கியிருக்கும் தொழிலாளர்க்கு நான்காம் கூறு இல்லை. அவ்விடத்தை நிரப்ப ஆலை மருத்துவ அறையின் செவிலியரோ, அறைத்தோழரோ முன்வரலாம். எவரும் இல்லாத இடத்தில், அவருடைய நாளை அறிந்து எழுதப்பட்ட மருந்துக் குறிப்பு ஒன்றே உடனிருக்கும்.